வளரும் பிள்ளையின் குதிவலி



பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதற்பகுதியிலேயே நடைபெறுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை ஓய்ந்து மைதானத்து மண் இறுகத் தொடங்கும் காலமும் அதுவே. அதுவரை மாலையில் சிறிது நேரம் ஒழுங்கையிலே பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென ஓட்டம், பாய்தல், அணிநடை என்று நாள்தோறும் பயிற்சிக்கு அழைக்கப்படுகிறான். இரண்டு மூன்று கிழமைகள் கழிகின்றன. ஒருநாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது குதியை நிலத்தில் ஊன்றாது, முன்பாதத்தால் மெல்ல நடந்து வருகிறான். கேட்டால் குதி நோகிறது என்கிறான். மறுநாட் காலையில் நோவு தணிந்திருக்கிறது. மாலையில் மீண்டும் வருகிறது. காலைப் பிடித்துப் பார்த்தால் வீக்கமில்லை, சிவப்பில்லை, காயமுமில்லை.

இந்நிலையில் இருவகைத் தீர்ப்புகள் வழங்கப்படுவதுண்டு. பிள்ளை பஞ்சியில் சாட்டுச் சொல்கிறான் என்பது ஒன்று. காலில் ஏதோ பெரிய நோய் பிடித்துவிட்டது, இனி விளையாட்டே வேண்டாம் என்பது மற்றொன்று. முதலாவது தீர்ப்பினால் பிள்ளை நோவோடு ஓடவைக்கப்படுகிறான். இரண்டாவதினால் மாதக்கணக்கில் மைதானத்தின் ஓரத்தில் அமர்த்தப்படுகிறான். எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட, விளையாட்டில் ஈடுபாடுள்ள பிள்ளைகளின் குதிவலியில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விரு தீர்ப்புகளும் பொருந்துவதில்லை. நோவு மெய்யானது, ஆயினும் அது காலைக் கெடுக்கும் நோயன்று. அந்த நோவு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்துகொண்டால், அதனை நடத்தும் முறையும் விளங்கிவிடும்.

பிறக்கும்போது நம் எலும்புகள் யாவும் முற்றியனவாய் இருப்பதில்லை. பல இடங்களில் அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பாடநூல்கள் கசியிழையம் என்று கூறுவது இதனையே. குதியெலும்பின் பெரும்பகுதி, குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே எலும்பாக மாறத் தொடங்கிவிடுகின்றது. ஆனால் அதன் பின்புறத்து ஓரம் மட்டும் நெடுநாள் குருத்தாகவே இருந்து, ஏறத்தாழ 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் தனியொரு எலும்புத் துண்டாக உருப்பெறுகின்றது. பெண்பிள்ளைகளில் இம்மாற்றம் ஓரிரண்டு ஆண்டுகள் முந்தி நிகழும். பிறை வடிவான இத்துண்டுக்கும் பெரிய எலும்புக்கும் நடுவே மெல்லிய குருத்துத் தட்டு ஒன்று உண்டு. குதி பின்னோக்கி வளர்வது அந்தத் தட்டில்தான். ஏறக்குறைய 12 முதல் 16 வயதுக்குள் தட்டும் எலும்பாகி, இரு துண்டுகளும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றாகிவிடுகின்றன. புதிதாகக் கட்டிய மதிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல் உறுதியானது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசிய சாந்து இன்னும் காயவில்லை. அந்த மதிலில் அன்றைக்கே ஏணியைச் சாத்தி ஏறினால் பழுது முதலில் தோன்றுமிடம் கல்லன்று, சாந்தே.

இனி, இந்தப் பிறைத் துண்டில் வந்து பற்றுபவை யாவையென்று பார்ப்போம். கெண்டைக்காலின் வலிய தசைகள் கீழ்நோக்கித் திரண்டு, உடலிலுள்ள நாண்களுள் மிகத் தடித்ததாகிய குதிநாணாக மாறி இங்கேதான் வந்து பிடிக்கின்றன. பாதத்தின் அடியில் வில்லின் நாண்போல நீண்டு கிடக்கும் தடித்த சவ்வும் இவ்விடத்துக்கு அருகிலேயே தொடங்குகின்றது. ஆகவே, பிள்ளை ஓடும்போது நாண் மேல்நோக்கி இழுக்கின்றது. அடிச்சவ்வு முன்னோக்கி இழுக்கின்றது. நிலமோ கீழிருந்து மோதுகின்றது. முற்றாத தட்டு இம்மூன்றுக்கும் நடுவில் இருக்கின்றது.

இதனைச் சிறு கணக்காகப் பார்த்தல் நன்று. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு விசை காலில் வந்து விழுகின்றது. 35 கிலோ நிறையுள்ள ஒரு சிறுவனுக்கு அது 70 முதல் 100 கிலோ வரையிலாகும். நிமிடமொன்றுக்கு 160 அடிகள் வைத்து அரைமணி நேரம் ஓடினால் 4,800 அடிகள். ஒரு காலுக்கு 2,400. ஒரு கிழமையில் ஐந்து நாட் பயிற்சியென்றால் ஒவ்வொரு குதிக்கும் 12,000 மோதல்கள். அதில் எந்தவொரு மோதலும் தனித்து நின்று தீங்கு செய்வதன்று. இடையில் ஆறுதற்கு நேரமின்றி மேன்மேலும் சேர்வதனாலேயே தட்டு நோவெடுக்கின்றது. பிள்ளை விழவுமில்லை, அடிபடவுமில்லை, பின் எப்படி நோவு வந்தது என்று பெற்றோர் கேட்பதற்கு விடை இதுவே.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து எலும்பு வைத்தியராகிய ஜேம்ஸ் வாரன் சீவர் என்பவர் 1912ஆம் ஆண்டில் இந்நிலையை விரித்தெழுதினார். அதனால் வைத்திய உலகில் இது இன்றும் சீவர் நோய் என்றே வழங்கப்படுகின்றது. பெயர் நிலைத்துவிட்டது; ஆனால் நோய் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. நோய் என்று கேட்டவுடன் தாய்மார் அஞ்சுகின்றனர். வளர்ச்சி முற்றாத ஓரிடம் அளவுக்கு மிஞ்சிய வேலையைத் தாங்க மாட்டாது முறையிடுகின்றது என்று சொல்வதே உண்மைக்கு நெருங்கியது.

எலும்பு விரைவாக நீள, தசையும் நாணும் அதற்கு ஈடாக நீளாமல் இறுகிவிடுவதனாலேயே இழுவிசை கூடுகின்றது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விளக்கம். உயரம் சட்டென்று கூடும் பருவத்தில் இவ்வலி மிகுதியாகக் காணப்படுவது மெய்யே. எனினும், தசை இறுக்கத்தையே தனிக் காரணமாகக் கொள்வது போதாதென்றும், திரும்பத் திரும்ப விழும் மோதலே பெரிய காரணமென்றும் இப்போது கருதப்படுகின்றது. உடல் நிறை கூடிய பிள்ளைகளுக்கு ஒவ்வோர் அடியிலும் சுமை கூடுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உதைபந்தாட்டம், ஓட்டம், உயரம் பாய்தல், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் ஆகியவை இவ்வலியை எழுப்புவதில் முன்னிற்பவை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய பெருஞ்சமர் நெருங்கும் நாள்களில், வளவுகள் தோறும் சிறுவர்கள் காலைமுதல் மாலைவரை பந்து வீசுவதைக் காணலாம். பந்து வீச்சில் முன்காலின் குதி விழும் வேகத்தை அவர்களுடைய தாய்மார் ஒருமுறை கூர்ந்து பார்ப்பது நல்லது.

விளையாட்டு என்று நாம் கணக்கில் எடுக்காத இரண்டும் உள்ளன. அணிநடைப் பயிற்சி அவற்றுள் ஒன்று. குதியை ஓங்கி நிலத்திலடித்து நடப்பதே அணிநடைக்கு அழகென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றது. ஓட்டத்தில் சேராத பிள்ளைகூட, வெயிலில் இறுகிய தரையில் ஒரு மணி நேரம் இப்படி அடித்து நடந்தால் குதி நோகும். மற்றது பரதநாட்டியம். சீமெந்துத் தரையில், வெறுங்காலால், தட்டடவைப் பல காலங்களில் திரும்பத் திரும்ப ஆடும் பத்து வயதுப் பெண்பிள்ளையின் குதி, உதைபந்தாட்டக்காரனின் குதிக்குக் குறைந்த வேலை செய்வதில்லை. அவள் விளையாட்டுக்காரியல்லளே என்று எண்ணி வேறு காரணம் தேடுவோர் பலர்.

காலணியையும் கவனிக்க வேண்டும். குதிப்பக்கம் தட்டையான, அடி மெலிந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து மோதலைத் தாங்காது. உதைபந்தாட்டச் சப்பாத்தின் குதி தாழ்ந்திருப்பதால் நாண் கூடுதலாக இழுபடும். அதன் அடியிலுள்ள குமிழ்கள் இறுகிய நிலத்தில் புதையாமல் குதியையே திருப்பி உந்தும். வெறுங்காலால் ஓடுவது முற்றிலும் கெடுதல் என்று சொல்வதற்கில்லை. சிறுவயது முதல் அவ்வாறு ஓடிப் பழகிய பிள்ளைகள் முன்பாதத்தால் மெத்தென அடியெடுத்து வைப்பர். ஆனால் குதி நோகும் நாள்களில் வெறுங்கால் ஆகாது.

இது இவ்வலிதான் என்று எவ்வாறு அறிவது? பிள்ளையைக் கதிரையில் இருத்தி, குதியின் பின்புறத்தை உட்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலுமாகக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெல்ல அழுத்துங்கள். நோகும் இடம் இதுதான் என்று பிள்ளை உடனே சொல்வான். முன்பாதத்தில் எழுந்து நிற்கச் சொன்னாலும் அதே இடத்தில் நோவு தோன்றலாம். பலருக்கு இரு குதிகளிலும் நோவிருக்கும். விளையாட்டில் வந்து, ஓய்வில் தணிந்து, மீண்டும் விளையாட்டில் வருவதே இதன் போக்கு. இரவில் கெண்டைக்கால், முழங்கால், தொடை எங்கும் பரந்து நோவதாகச் சிறு பிள்ளைகள் அழுது, காலையில் ஒன்றுமறியாதவர்போல ஓடித்திரிவது வேறு. அதனையே வழக்கில் வளர்ச்சி வலி என்கிறோம். முதியவர்களுக்கு வரும் குதிவாதமும் வேறு. அது குதியின் அடியில், காலையில் கட்டிலைவிட்டு இறங்கிவைக்கும் முதலடியில் குத்தும். பேரனுக்குக் குதி நோகிறதென்றால், எனக்கும் அதுதானே என்று தம் மருந்தை எடுத்துக்கொடுக்கும் பாட்டிமாருக்கு இதனை அன்போடு சொல்லிவைத்தல் வேண்டும்.

எக்ஸ்-கதிர்ப்படம் எடுக்க வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். பெரும்பாலும் வேண்டியதில்லை. எடுத்த படமே சில வேளைகளில் வீண் அச்சத்துக்கு இடமளித்துவிடும். குதியின் பிறைத்துண்டு நலமுள்ள பிள்ளையிலும் படத்தில் வெளுத்தும், இரண்டு மூன்று சில்லுகளாக உடைந்ததுபோலவும் தோன்றும். அது இயற்கை. அதனைக் கண்டு எலும்பு நொறுங்கிவிட்டதென்று அஞ்சி, காலுக்கு மாக்கட்டுப் போடும்படி வற்புறுத்துவோரும் உண்டு. வேறேதேனும் காரணத்தை வைத்தியர் ஐயுற்றால், அதனை விலக்குவதற்கே படம் பயன்படும்.

அந்த வேறு காரணங்களைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில், குதிவலி எல்லாம் சாதாரணமானது என்று எண்ணிக்கொண்டு வானொலிப் பெட்டியை நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

முதலில் பாதத்தைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெறுங்காலால் திரியும் பிள்ளையின் குதியில் முள்ளோ கண்ணாடித் துண்டோ ஏறி முறிந்து, மேலே தோல் மூடியிருக்கக் கூடும். அதனை ஊசியால் கிண்டாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றியும் அங்கே கேட்டறிய வேண்டும். குதி நோவுடன் காய்ச்சலும் இருந்து, பிள்ளை காலை நிலத்தில் வைக்கவே மறுத்தால், எலும்பினுள் கிருமி புகுந்திருக்கலாம். அதற்கு நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது; அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விளையாடாத நாள்களிலும் நோவிருத்தல், நித்திரையிலிருந்து எழுப்பும் நோவு, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை எலும்பில் வேறு வளர்ச்சிகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டிய அறிகுறிகள். அவை அரியவை, அரியவை என்பதற்காக மறக்கத்தக்கவை அல்ல. காலையில் எழுந்ததும் கால் நெடுநேரம் விறைத்திருந்து, பிற மூட்டுகளும் வீங்கினால் சிறுவர்க்கு வரும் மூட்டழற்சியை எண்ண வேண்டும். உயரத்திலிருந்து குதித்தபோது அல்லது விழுந்தபோது அந்தக் கணத்திலேயே தொடங்கிய நோவு முறிவாக இருக்கலாம். ஒரு குதியில் மட்டும் நோவிருந்து, பல கிழமை ஓய்வெடுத்தும் தணியாவிட்டாலும் வைத்தியர் மீண்டும் பார்க்க வேண்டும்.

இவை ஒன்றுமில்லையென்று தெளிந்தபின், செய்யவேண்டியது என்ன? மோதல்களின் கணக்கைக் குறைப்பதே முதன்மையானது. குறைப்பது என்றேன், நிறுத்துவது என்று சொல்லவில்லை. நொண்டி நடக்குமளவுக்கு நோவுள்ள பிள்ளைக்கு ஓட்டமும் பாய்தலும் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ முற்றாக வேண்டாம். மற்றவர்களுக்கு மூன்று விதிகள் போதும். விளையாடும்போது நோவு இலேசாக இருக்கலாம், ஆனால் நடையோ ஓட்டமோ கோணக் கூடாது. விளையாடி முடிந்தபின் எழும் நோவு மறுநாட் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். கிழமைக்குக் கிழமை நோவு கூடிச்செல்லக் கூடாது. இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் அன்றைய அளவு மிகையென்று கொண்டு, அடுத்த முறை பாதியாக்குங்கள். நாளும் ஓடுபவன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடட்டும். ஓடாத நாளில் நீந்தலாம், துவிச்சக்கரவண்டி ஓட்டலாம். அதனால் மூச்சும் தசையும் தளராது. குதிக்கும் மோதல் இல்லை. அணிநடைக்குப் போவதாயின் குதியை அடிக்காமல் நடப்பதற்கு ஆசிரியரிடம் அனுமதி பெறலாம். இரண்டு அணிகளில் ஆடும் பிள்ளை ஒன்றை அப்பருவத்துக்கு விட்டுவிடலாம். ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டை இடைவிடாது ஆடவைக்கும் புதுவழக்கம் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றதன்று என்பது என் எண்ணம். பருவத்துக்கொரு விளையாட்டாக மாறி மாறி ஆடிய முந்தைய வழக்கத்தில் குதிக்கு இயல்பாகவே ஆறுதல் கிடைத்தது.

இரண்டாவது, குதியைச் சற்று உயர்த்துதல். கால் அங்குல அளவு, அதாவது 6 மில்லிமீற்றர் வரையில் தடிப்புள்ள உறுதியான இறப்பர் அல்லது தக்கைத் திண்டைச் சப்பாத்தினுள் குதியின் கீழ் வைத்தால், நாணின் இழுவை குறையும், மோதலும் தணியும். ஒரு கால்தான் நோகிறது என்றாலும் இரண்டு சப்பாத்திலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரம் ஏறத்தாழ்ந்து இடுப்பு நோகும். விலையுயர்ந்த திண்டு வேண்டுமென்பதில்லை. மெத்தென்று அமுங்கித் தட்டையாகிவிடும் பஞ்சு மட்டும் பயனற்றது. வீட்டினுள்ளும், குளிர்ந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலால் நடப்பதைவிட, குதி தடித்த செருப்பை அணிந்துகொள்வது இக்காலத்தில் நல்லது.

கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி மூன்றாவது. சுவருக்கு முன்னால் நின்று இரு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடிக்காமலும் குதியைத் தரையிலிருந்து எடுக்காமலும் உடலை முன்னே சாய்க்க வேண்டும். கெண்டைக்காலில் இழுவை தெரியுமிடத்தில் 20 முதல் 30 விநாடி நின்று விடவேண்டும். காலுக்கு மூன்று முறை, நாளுக்கு இருவேளை. இதனையே முழங்காலைச் சிறிது மடித்தும் செய்தால் உள்தசையும் நீளும். குலுக்குவதும் உந்துவதும் கூடாது. நோவு கடுமையாக இருக்கும் நாள்களில் இப்பயிற்சியையே ஒத்திவைக்க வேண்டும். நொந்த தட்டை மேலும் இழுத்தல் அறிவுடைமையாகாது. நோவு தணிந்தபின், இரு காலாலும் முன்பாதத்தில் மெல்ல எழுந்து மெல்லத் தாழும் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் தசை வலிமை பெறும்.

விளையாடி வந்ததும் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி 10 முதல் 15 நிமிடம் குதியில் வைப்பது நோவைத் தணிக்கும். தோலில் நேரடியாக வைத்தலாகாது.

இவற்றுள் எது மேலானது என்று நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். 2016ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், குதிவலியுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தனிச் சிகிச்சையின்றிப் பொறுத்திருக்கச் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்குக் குதித் திண்டு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு இயன்மருத்துவர் பயிற்சியளித்தார். ஆறு கிழமையளவில் திண்டு பெற்றோர் கூடுதலான திருப்தி தெரிவித்தனர். மூன்று மாதம் ஆனபோது மூன்று பகுதியினரும் நலம்பெற்றிருந்தனர். அவர்களிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, காசு செலவழிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நலம் கிட்டாது என்று வருந்த வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். திண்டு அந்தப் பொறுமையை எளிதாக்கும், அவ்வளவே.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதியால் மிதிக்கச் செய்யும் கைமருத்துவம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. முற்றாத தட்டுக்கு அதனால் பயனில்லை. பிள்ளையின் மெல்லிய தோல் வெந்துவிடும். எண்ணெய் பூசி மெல்லத் தடவுவதால் கெடுதி இல்லை. ஆனால் சுளுக்கு என்று எண்ணிக் குதியையும் நாணையும் அழுத்தி உருவுவது நோவைப் பெருக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணமென்று மாத்திரை வாங்கிக்கொடுப்பது வீண். குதியில் ஊசி போடும்படி எவரையும் கேட்காதீர்கள். பெரியவர்களுக்குச் சில வேளைகளில் போடப்படும் ஸ்டீரொயிட் ஊசி, வளரும் தட்டுக்கும் நாணுக்கும் தீங்கு செய்யக் கூடியது. கடும் நோவுள்ள நாளில் நிறைக்கு ஏற்ற அளவு பரசிற்றமோல் கொடுக்கலாம். மாத்திரையைக் கொடுத்து ஓடவிடுவது மட்டும் கூடவே கூடாது. நோவு என்ற காவற்காரனை உறங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அது ஒப்பாகும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் ஆகாது. டெங்கு பரவும் நம் நாட்டில், காய்ச்சலுள்ள பிள்ளைக்குக் கால் நோவுக்கென்று ஐபுபுரூபன், டைக்குளோபினக் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் குருதிப்பெருக்குக்கு இடமாகலாம்.

இனி, பெற்றோரைவிடப் பிள்ளைகளே மிகுதியாகக் கேட்கும் கேள்விக்கு வருவோம். போட்டி நாளில் ஓடலாமா? நூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஆண்டு முழுவதும் காத்திருந்த பிள்ளையை அந்நாளில் கூடாரத்தில் இருத்துவது எளிய செயலன்று. நடக்கும்போது நொண்டாமலும், ஓடிப்பார்க்கையில் நடை கோணாமலும் இருந்தால் ஓடட்டும். ஓர் ஓட்டத்தினால் குதி கெட்டுவிடாது. அன்றிரவு நோகும், சில நாள் ஓய்வெடுத்தால் தணியும். ஆனால் ஐந்து நிகழ்ச்சிகளில் பெயர் கொடுத்த பிள்ளை மூன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எவற்றை விடுவது என்பதை அவனே தெரியட்டும். இல்லத்தின் புள்ளிகளுக்காக அவனை நொண்டியபடி ஓடவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. விளையாட்டாசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோகிறது என்று சொல்லிய பிள்ளையை மற்றவர் முன்னிலையில் நகைத்தால், அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். அவன் சொல்லாமல் விடும் நோவு குதிவலியாகவே இருக்குமென்பதற்கு உறுதியில்லை. வரிசையில் பின்தங்கும் பிள்ளையை அழைத்து, குதியை ஒருமுறை பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பயிற்சியையும் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஒருங்கே தொடங்காமல், இரண்டு மாதத்துக்கு முன்னரே சிறிது சிறிதாகத் தொடங்கி ஏற்றிவந்தால், இந்நோவு பலருக்கு வாராமலே போகும். மண்ணைவிடப் புற்றரை நல்லது. இறுகிய மண்ணைவிட மணல் கலந்த இடம் நல்லது. சீமெந்து முற்றம் யாவற்றிலும் தாழ்ந்தது.

எத்தனை நாளில் மாறும் என்று உறுதிகூற முடியாது. சிலருக்குச் சில கிழமை; பலருக்கு இரண்டு மூன்று மாதம். மாறியபின்னும் அடுத்த பருவத்தில், சிறப்பாக உயரம் விரைந்து கூடும் ஆண்டில், திரும்பி வரக்கூடும். வந்தால் முன்பு செய்த முறையையே மீண்டும் செய்ய வேண்டும். பிறைத்துண்டு பெரிய எலும்புடன் ஒன்றாகிய பின்னர் இவ்வலி வருவதற்கு இடமே இல்லாமற் போகின்றது. பின்னாளில் காலுக்கு அதனால் குறையேதும் நேர்வதுமில்லை.

வெளிநோயாளர் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வதாயின், அவன் பாடசாலைக்கு அணியும் சப்பாத்தையும் விளையாட அணியும் சப்பாத்தையும் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அத்துடன், சென்ற இரண்டு கிழமையில் எந்நாளில் எவ்வளவு நேரம் ஓடினான், எந்நாளில் நோவு எழுந்தது என்பதைப் பிள்ளையின் கையாலேயே ஒரு தாளில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள். சப்பாத்துக் குதியின் எப்பக்கம் தேய்ந்திருக்கின்றது என்பதையும் அந்தத் தாளையும் பார்த்த பின்னரே வைத்தியர் காலைத் தொட்டுப் பார்ப்பார்.